ஐக்யூ சாம்பிளுக்கு எந்த ஹெடர்: விட்டா 49, ஈ-சிப்ரி, ஆர்ஓஇ

எஸ்டிஆர் (மென்பொருள் வழி ரேடியோ) போர்டிலிருந்து வரும் ஐக்யூ சாம்பிள்களை, அதாவது ரேடியோ சிக்னலை எண் ஜோடிகளாக்கிய அளவீடுகளை, 10 ஜிகாபிட் ஈதர்நெட்டில் சர்வருக்கு அனுப்ப ஒரு ஹெடர் (ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் வரும் விவரப் பகுதி) தேவைப்பட்டது. ரேடியோ தரவுக்கான ஸ்டாண்டர்டான விட்டா 49, மொபைல் பேஸ் ஸ்டேஷனையும் அதன் ரேடியோ யூனிட்டையும் இணைக்கும் ஈ-சிப்ரி, ஐஇஇஇ 1914.3 எனும் ஆர்ஓஇ (ரேடியோ ஓவர் ஈதர்நெட்) ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு விட்டாவை எடுத்தேன்.

எல்லோரும் முதலில் கேட்பது அளவு. ஈ-சிப்ரியில் பொது ஹெடர் 4 பைட், ஐக்யூ செய்திக்கான ஐடிகள் 4 பைட். ஆர்ஓஇயும் 8தான். விட்டாவில் ஸ்ட்ரீம் ஐடி, டைம்ஸ்டாம்ப் (முதல் சாம்பிள் எடுத்த நேரம்) எல்லாம் போட்டால் 20. ஈதர்நெட் பாக்கெட்டின் 1500 பைட்டில் யூடிபி, ஐபி ஹெடர்கள் போக மிஞ்சும் 1472 பைட்டில் இந்தக் கூடுதல் 12 பைட் ஒரு சதவீதம்கூட வராது. இதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பாக்கெட் தொலைந்தால் என்ன செய்வது என்பதுதான் என் முடிவைத் தீர்மானித்தது. தொலைந்ததை யூடிபி திரும்ப அனுப்பாது, அதில் தொலையத்தான் செய்யும். 61.44 எம்எஸ்பிஎஸ் (வினாடிக்கு 6.144 கோடி சாம்பிள்), சாம்பிளுக்கு 4 பைட் என்றால் ஒரு பாக்கெட்டில் 363 சாம்பிள், 5.9 மைக்ரோவினாடிக்கு ஒரு பாக்கெட். சர்வர் கொஞ்சம் அசந்தாலே கொத்தாகப் போய்விடும். எத்தனை பாக்கெட் போனது என்பதை சீக்வென்ஸ் நம்பர் (பாக்கெட்டின் வரிசை எண்) சொல்லும், எத்தனை சாம்பிள் என்பதைச் சொல்லாது. எல்லாப் பாக்கெட்டும் ஒரே நீளம் என்றால் பெருக்கிக்கொள்ளலாம். பாதியில் மூடிய குறைப் பாக்கெட் ஒன்று நடுவில் வந்தால் கணக்கு புரண்டுவிடும். இரண்டு சேனலை ஃபேஸ் (அலையின் கட்டம்) பார்த்து ஒப்பிடுகிற வேலையில் ஒரே ஒரு சாம்பிள் நகர்ந்தாலும் அதற்கப்புறம் எல்லாம் தப்பு. டைம்ஸ்டாம்ப் இருந்தால், வந்த பாக்கெட்டில் எழுதியிருக்கும் நேரத்திலிருந்து எதிர்பார்த்த நேரத்தைக் கழித்து, அந்த இடைவெளிக்குப் பூஜ்யம் நிரப்பினால் போதும்.

விட்டாவில் சீக்வென்ஸ் நம்பராக இருக்கும் பாக்கெட் கவுன்டர் வெறும் 4 பிட். சரியாக 16 பாக்கெட் தொலைந்தால் ஒன்றுமே நடக்காதது போல அடுத்த எண் வரும்! டைம்ஸ்டாம்ப் கட்டாயமில்லை என்று ஸ்டாண்டர்ட் சொன்னாலும் அதை விட்டுவிடாதீர்கள். அதில் வினாடிக்குக் கீழான பின்னப் பகுதியை பிகோசெகண்டிலும் வைக்கலாம், சாம்பிள் எண்ணிக்கையாகவும் வைக்கலாம். இரண்டாவதையே எடுங்கள். 61.44 மெகாஹெர்ட்ஸில் ஒரு சாம்பிள் சுமார் 16,276.04 பிகோசெகண்ட். அந்தப் புள்ளிக்குப் பிந்தியதை வெட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு வினாடியிலேயே 2.56 மைக்ரோவினாடி, அதாவது 157 சாம்பிள் பிசகும்.

ஈ-சிப்ரி ஹெடரில் நேரம் இல்லாததைக் குறை என்று சொல்ல முடியாது. அங்கே இரு முனைகளின் கடிகாரங்களும் பிடிபியில் (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) ஒத்திசைந்திருக்கும். அதன்மேல் ஓடும் ஓ-ரான் (மொபைல் ரேடியோ கருவிகளுக்கான திறந்த ஸ்டாண்டர்ட்) தன் ஹெடரில் ஃபிரேம், சப்ஃபிரேம், ஸ்லாட், சிம்பல் எனும் மொபைல் சிக்னலின் நேரத் துண்டு எண்களைச் சொல்லிவிடும். ஓ-ரான் ரேடியோ யூனிட் வாங்கினால் பேச்சே இல்லை, ஈ-சிப்ரிதான். ஆனால் ஸ்பெக்ட்ரம் பதிவில் ஸ்லாட்டுக்கு எங்கே போவது?

ஆர்ஓஇயை நான் ஓட்டிப் பார்த்ததில்லை, படித்ததோடு சரி. அதன் 32 பிட் வரிசைப் புலத்தில் சீக்வென்ஸ் நம்பரோ டைம்ஸ்டாம்போ ஏதாவது ஒன்றை வைக்கலாம். ஏற்கெனவே இருக்கும் சிப்ரி (ஈ-சிப்ரிக்கு முந்தைய வடிவம்) இணைப்பை அப்படியே ஈதர்நெட்டில் ஏற்ற அது பொருத்தமாகத் தெரிகிறது. வினாடியும் பின்னமும் சேர்ந்த முழு டைம்ஸ்டாம்ப் ஒவ்வொரு பாக்கெட்டிலும் வேண்டும் என்றால் 32 பிட் போதாது.

விட்டாவில் எனக்குப் பிடிக்காதது பிக் எண்டியன், அதாவது எண்ணின் பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வருவது. எக்ஸ்86 சர்வர் அதற்கு நேரெதிரான லிட்டில் எண்டியன் என்பதால் ஒவ்வொரு சாம்பிளையும் பைட் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. பேலோடை (ஹெடருக்குப் பின் வரும் சாம்பிள்களை) மட்டும் லிட்டில் எண்டியனில் அனுப்பலாம்தான். அப்புறம் அந்தப் பதிவை வேறு யாருடைய கருவியிலும் திறக்க முடியாது.