குழந்தைக்கா, வளர்ந்தவருக்கா: இரண்டு ஞானஸ்நானங்கள்
யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கரும் அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபையாரும் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளோ, தானே மனந்திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட்டவரைத்தான் தண்ணீரில் முழுவதுமாக அமிழ்த்துகின்றன.

குழந்தைச் சடங்கின் பலம் கிருபை, அதாவது கேளாமலே கடவுள் தரும் அருள். ஒன்றும் அறியாத பிள்ளையின் தலையில் மூன்று முறை நீர் விழுகிறது. பிள்ளை வீரிட்டு அழுகிறது. பாவத்தை விட்டுவிடுவதாகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வாக்குக் கொடுக்கிறார்கள். குறை என்னவென்றால், பல வீடுகளில் அது படமெடுத்து விருந்து வைத்த நாளாகவே நின்றுவிடுகிறது.

முழுக்கில், பைபிளில் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 6ஆம் அதிகாரம் சொல்வது கண்முன் நடக்கிறது: கிறிஸ்துவோடு அடக்கம், அவரோடு எழுதல். இடுப்பளவு நீரில் நிற்பவர் மூக்கைப் பொத்தியபடி பின்புறமாகச் சாய்ந்து, உடை சொட்டச் சொட்ட எழும்புகிறார். குடியை விட்ட ஒருவருக்கு இதைவிடத் தெளிவான எல்லைக்கோடு ஏது? ஆனால், என் தீர்மானமே என்னை மீட்டது என்ற எண்ணமும் அங்கே மெல்ல நுழைந்துவிடும்.

சபை மாறும்போதுதான் சிக்கல். தண்ணீரால் தந்தை, மகன், தூய ஆவி என்ற திரித்துவத்தின் பெயரில் கொடுக்கப்பட்டதைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது, மறுபடி கொடுப்பதில்லை. பெந்தெகொஸ்தேயினர் பெரும்பாலும் குழந்தை ஞானஸ்நானத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அம்மம்மாமாருக்கு அது பெரிய மனவருத்தம். என் தெரிவு குழந்தை முறையே, பிள்ளை வளர்ந்தபின் ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிப்பூசுதலுக்குரிய வகுப்பை ஒழுங்காக நடத்துவார்களானால்.