மெமரி ஆப்பா, விளையாட்டா, சுவர்ப் பட்டியலா?

எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன் என்று பெரிய பெயர் வைத்தாலும் விஷயம் மூன்றுதான்: சொன்னதை மனத்தில் நிறுத்திக்கொண்டே வேலை பார்ப்பது, கை துறுதுறுக்கும்போது அடக்கிக்கொள்வது, திட்டம் மாறினால் முரண்டு பிடிக்காமல் மாறிக்கொள்வது. இதற்கெல்லாம் முக்கியமான மூளையின் முன்பகுதி முதிர்ந்து முடிக்க ஏறக்குறைய 25 வயதாகும். எட்டு வயதுப் பிள்ளை தினமும் எதையாவது மறந்தால் அது சோம்பல் என்று ஆகிவிடாது.

சரி, இந்த மூன்று திறன்களையும் எப்படி வளர்ப்பது? பணம் கேட்பது கணினிப் பயிற்சி. ஸ்வீடனில் டார்கெல் கிளிங்பெரி என்ற மூளை ஆய்வாளர் உருவாக்கிய காக்மெட் என்ற நினைவுப் பயிற்சி இந்த வகையில் பிரபலம். கட்டங்கள் எந்த வரிசையில் மின்னினவோ அதே வரிசையில் தொட வேண்டும். தேறத் தேற வரிசை நீளும். பிள்ளைகள் நன்றாகவே தேறுகிறார்கள், ஆனால் அந்த விளையாட்டில்! அதுவரை வந்த ஆய்வுகளை 2013-இல் தொகுத்துப் பார்த்த மெல்பி-லெர்வாக், ஹியூம் என்ற இரண்டு ஆய்வாளர்களும், பலன் வாசிப்புக்கோ கணக்குக்கோ தாண்டிப் போகவில்லை என்றே முடிவுக்கு வந்தார்கள். காசு கொடுத்து வாங்க நான் சொல்ல மாட்டேன்.

விளையாட்டு இதைவிட மேல். 'தலை' என்றால் கால்விரலைத் தொட வேண்டும், 'கால்விரல்' என்றால் தலையை. ஆட்டம் பழகியதும் விதியை மாற்றுங்கள். மூன்று திறனுக்கும் ஒரே நேரத்தில் வேலை. நடிப்பு விளையாட்டும் அப்படித்தான். 2017-இல் வந்த ஓர் ஆய்வில் 4, 6 வயதுப் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுத்து, பக்கத்திலேயே டேப்லெட் விளையாட்டையும் வைத்தார்கள். பேட்மேன் போன்ற பாத்திரமாகத் தங்களை நினைத்துக்கொண்டவர்கள்தான் அதிக நேரம் வேலையில் நின்றார்கள். ஆனால் பேட்மேன் வந்து காலையில் பை அடுக்கித் தர மாட்டார்.

அந்த இடத்தில்தான் பட்டியல்: செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி ஒட்டிவைப்பது. பள்ளி வயதுக்கு என் வாக்கு இதற்கே. பெரும்பாலான வீடுகளில் இது தோற்பதற்குக் காரணம் பட்டியல் அல்ல, அதை நாமே உரக்கப் படிப்பது. "பல் தேய், பையை எடு" என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தால் திட்டமிடும் வேலை நம் மூளையிலேயே நடக்கிறது. "அடுத்து என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். (எனக்கு இன்னும் கஷ்டமாக இருப்பது இந்த இரண்டாவது பாதிதான்.) ஒட்டும் இடமும் முக்கியம்: பைக்கான பட்டியல் வாசல் கதவில், படிப்பு மேசையில் அல்ல.

பட்டியல் நீளமாகத் தெரிந்தால் ஒரே வாக்கியம் போதும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த 'இது நடந்தால் இதைச் செய்வேன்' முறை அது. "வீட்டுக்குள் வந்ததும் டைரியை மேசையில் வைப்பேன்" என்று பிள்ளையே எழுதட்டும். 'ஒழுங்காக இருப்பேன்' என்ற பொது உறுதிமொழியைவிட இது நன்றாகவே வேலை செய்கிறது.

பழகிவிட்டால் ஒவ்வொரு வரியாக அழிக்கலாம். ஏடிஎச்டி (கவனக் குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) உள்ள பிள்ளைக்கு மட்டும் அந்த அவசரம் வேண்டாம். அவர்களுக்குப் பட்டியல் பல வருடங்கள் தேவைப்படலாம், அப்புறம் அதுவே போனில் அலாரமாக மாறலாம்.