1925-ல் ஒரு கார்: ஃபோர்டு மாடல் டி-யா, ஷெவர்லே சுப்பீரியரா?

1925-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். நடுத்தர வருமானமுள்ள ஒரு குடும்பம் கார் வாங்க முடிவு செய்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் பணத்துக்குப் புது கார் என்றால், முதலில் காதில் விழக்கூடிய பெயர்கள் இரண்டு: ஃபோர்டு மாடல் டி, ஷெவர்லே சுப்பீரியர் கே. அவர்கள் எதை வாங்கியிருக்க வேண்டும்?

ஃபோர்டு என்றாலே அசெம்பிளி லைன் கதையைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்தக் கதையும் இதில் வரும். ஆனால் காரை வாங்கி ஓட்டியவர்கள் பக்கம் நின்று பார்த்தால்தான், ஒன்றரைக் கோடி விற்ற ஒரு கார் ஏன் நின்றுபோனது என்பது விளங்கும்.

முதலில் விலை. அந்த ஆண்டு மாடல் டி-யின் இரண்டு பேர் உட்காரும் ரன்அபவுட் 260 டாலர். குடும்பத்தோடு போக, பக்கங்கள் திறந்த டூரிங் மாடல் 290 டாலர். ஷெவர்லே டூரிங் 500 டாலரைத் தாண்டும். கேட்டவுடன் ஃபோர்டுதான் என்று தோன்றும். ஆனால் அந்த 290 டாலர் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது, கழற்றி மாட்டும் ரிம் கிடையாது. டயர் பஞ்சரானால் நடுரோட்டிலேயே சக்கரத்திலிருந்து டயரைப் பெயர்த்து, டியூபை ஒட்டி, கைப்பம்பில் காற்றடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். இந்த இரண்டும் வேண்டுமென்றால் மேற்கொண்டு 85 டாலர். ஷெவர்லேயில் ஸ்டார்ட்டர் விலைக்குள்ளேயே வந்துவிடும். ஆக, கடைக்காரர் சொல்லும் வித்தியாசம் ஒன்று, வீட்டுக்கு வந்து சேரும் வித்தியாசம் வேறு. இதைச் சேர்த்துப் பார்த்தாலும் ஃபோர்டு நூறு டாலருக்கு மேல் மலிவு. ஃபோர்டு ஆலையிலேயே ஒரு நாள் கூலி 5, 6 டாலர்தான் இருந்த காலம் அது. நூறு டாலர் சின்னத் தொகை இல்லை.

மாடல் டி 1908 அக்டோபரில் வந்தபோது விலை 850 டாலர். 1913-ல் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் ஓடத் தொடங்கியதும், ஒரு சேசிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, பூட்டி முடிக்க 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை சுமார் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. ஒரே திருகை நாள் முழுக்க முடுக்கும் சலிப்பு தாங்காமல் ஆட்கள் வேலையை விட்டு ஓட, 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு நாள் கூலியை 5 டாலராக்கினார். கூலி ஏறியது, காரின் விலை இறங்கிக்கொண்டே போனது. இரண்டும் ஒன்றாக நடந்தது அன்றைக்குப் பலருக்கும் நம்ப முடியாத விஷயம். 1923-ல் மட்டும் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபோர்டு கார்கள் வெளிவந்தன.

ஷெவர்லேயின் கதை இவ்வளவு நேரானதல்ல. சுவிட்சர்லாந்தில் பிறந்த பந்தய ஓட்டுநர் லூயி ஷெவர்லேயோடு சேர்ந்து வில்லியம் டூரன்ட் 1911-ல் தொடங்கியது அது. ஜெனரல் மோட்டார்ஸை உருவாக்கியவரே டூரன்ட்தான். 1910-ல் அவர் கையிலிருந்து அந்த நிறுவனம் போய்விட்டது. ஷெவர்லேயை வளர்த்து, அதன் பலத்தில்தான் ஜெனரல் மோட்டார்ஸை மறுபடி பிடித்தார்; ஷெவர்லேயும் அதன் ஒரு பிரிவானது. 1921-ல் நிலைமை என்ன தெரியுமா? சந்தையில் சுமார் 60 சதவீதம் ஃபோர்டு. ஷெவர்லே சுமார் 4 சதவீதம். ஷெவர்லேயை மூடிவிடுங்கள் என்று வெளி ஆலோசகர்கள் எழுதியே கொடுத்தார்கள். வேண்டாம் என்று வாதாடியவர் ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகி ஆல்ஃப்ரெட் ஸ்லோன். 1923-ல் அவரே அந்த நிறுவனத்தின் தலைவரானார்.

அதே 1923-ல் பெரிய அடி ஒன்று விழுந்தது. தண்ணீருக்குப் பதில் செப்புத் துடுப்புகளும் காற்றும் இஞ்சினைக் குளிர்விக்கும் ஒரு ஷெவர்லேயை சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்திருந்தார். மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கார்களுக்குக் கொண்டுவந்த அதே மேதைதான். தயாரானவை 759 கார்கள். வாடிக்கையாளர் கைக்குப் போனவை சுமார் 100. குறைகள் குவிந்ததும் அத்தனையையும் திரும்ப அழைத்துக்கொண்டு திட்டத்தையே கைவிட்டார்கள். தங்கள் தவறை இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்ட நிறுவனம் என்ற மரியாதை எனக்கு இதில்தான் வருகிறது. ஃபோர்டிடம் இல்லாமல் போனது இந்தக் குணம்தான்.

ஓட்டினால் எப்படி?

மாடல் டி-யில் மூன்று பெடல்கள் உண்டு. ஆனால் நடுப் பெடல் பிரேக் அல்ல, ரிவர்ஸ். வலது ஓரத்தில் இருப்பதுதான் பிரேக். இடது பெடலை முழுக்க மிதித்தால் முதல் கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல், காலை எடுத்துவிட்டால் இரண்டாவது கியர். முன்னால் போக மொத்தமே இரண்டு கியர்தான். ஆக்ஸிலரேட்டர் காலுக்குக் கிடையாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே வலப்பக்கம் இருக்கும் சின்ன லிவர்தான் அது. இடப்பக்கம் இன்னொரு லிவர்: இஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் முந்தி வர வேண்டுமா, பிந்தி வர வேண்டுமா என்பதை ஓட்டுபவரே அதில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டார்ட்டர் இல்லாத காரைக் கிளப்புவது தனி வேலை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்பார்க் லிவரைப் பிந்தி வைத்துவிட்டு, காருக்கு முன்னால் வந்து குனிய வேண்டும். ரேடியேட்டர் ஓரத்துக் கம்பி வளையத்தை இழுத்தால் சோக். பிறகு கிராங்க் கைப்பிடியை இடது கையால், கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல், கீழிருந்து மேலே வெடுக்கென்று இழுக்க வேண்டும். ஸ்பார்க்கைப் பிந்தி வைக்க மறந்தால் இஞ்சின் எதிர்த் திசையில் உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் ஏராளம். குளிர்காலத்தில் வேறொரு ஆபத்து. ஆயில் கெட்டியாகிக் கிளட்ச் தகடுகளை ஒட்டவைத்துவிடும். இஞ்சின் பிடித்த கணமே கார் மெல்ல முன்னால் நகர்ந்து, கிளப்பியவரையே ஷெட் சுவரோடு சாய்த்துவிடும். அதனால் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டுக் கிளப்புவது பலருக்கும் பழக்கமாக இருந்தது.

பெட்ரோல் டாங்க் முன் சீட்டுக்கு அடியில். கேஜ் கிடையாது, சீட் மெத்தையைத் தூக்கிவிட்டு, ஒரு குச்சியை உள்ளே விட்டு அளவு பார்க்க வேண்டும். பம்ப்பும் கிடையாது, பெட்ரோல் தானாக வழிந்துதான் கார்புரேட்டருக்குப் போகும். டாங்கில் கொஞ்சமே இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் டாங்க் தாழ்ந்து, இஞ்சின் உயர்ந்து, பெட்ரோல் வராமல் வண்டி நின்றுவிடும். எனவே காரைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேட்டில் ஏறினார்கள். ரிவர்ஸ் கியருக்கு முதல் கியரைவிட இழுவையும் அதிகம்.

இத்தனை தொல்லைக்கும் அந்தக் காரை ஏன் அப்படி நேசித்தார்கள்? கிராமத்துச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். வசந்த காலத்தில் பனி உருகினால் முழங்கால் அளவு சேறு. மாடல் டி தரையிலிருந்து நல்ல உயரம், எடை குறைவு, வனேடியம் கலந்த எஃகு, எப்படி வேண்டுமானாலும் நெளிந்து கொடுக்கும் குறுக்கு ஸ்பிரிங்குகள். விலையுயர்ந்த கார்கள் சிக்கிக்கொள்ளும் இடத்தில் இது தத்தித் தத்திப் போய்ச் சேர்ந்துவிடும். கெட்டுப்போனால் விவசாயி தன் வீட்டுக் குறடு, ஸ்பேனரை வைத்தே சரிசெய்துகொள்வார். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் பெல்ட் மாட்டி மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். கியர் கற்றுக்கொள்ளும் தொல்லையும் இல்லை; பெடலை மிதித்தால் போதும், பல்சக்கரம் கரகரக்காது. என்ன, அந்தப் பெடல்களுக்குப் பின்னால் உருளைகளை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகளின் உள்பூச்சு, அதாவது பேண்ட் லைனிங், தேய்ந்துகொண்டே இருக்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஷெவர்லே நமக்குத் தெரிந்த காருக்கு அருகில் இருக்கிறது. காலால் அழுத்தும் ஆக்ஸிலரேட்டர், தரையில் கியர் லிவர், மூன்று கியர். இஞ்சின் அளவு ஃபோர்டைவிடச் சற்றே சிறியது. ஆனால் வால்வுகள் சிலிண்டர்களுக்கு மேலே இருந்ததால் ஃபோர்டின் 20 குதிரைத்திறனுக்கு எதிராக இது 26 தந்தது. குறைகளும் இருந்தன. கியரைக் கரகரக்காமல் விழவைக்கும் சிங்க்ரோமெஷ் வராத காலம், கியர் மாற்றக் கை பழக வேண்டும். முந்தைய ஷெவர்லேக்களின் பின் ஆக்சில் முறிவதற்குப் பேர் போனது. 1925-ன் கே மாடலில் ஆக்சிலையும் கிளட்சையும் புதிதாக மாற்றிய பிறகுதான் அந்தக் கெட்ட பெயர் தேய்ந்தது. 1924 ஷெவர்லேயா, மாடல் டி-யா என்று கேட்டிருந்தால், நான் யோசிக்காமல் ஃபோர்டைத்தான் சொல்லியிருப்பேன்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1914-லிருந்து 1925 வரை மாடல் டி கறுப்பில் மட்டுமே கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸோ ட்யூகோ என்ற சீக்கிரம் உலரும் பெயின்ட்டைக் கொண்டுவந்துவிட்டது. நாட்கணக்கில், வாரக்கணக்கில் காயவைத்த காலம் போய், பெருந்தொகையாகச் செய்யும் காருக்கும் நிறம் கொடுக்க முடிந்தது.

முதல் கார், இரண்டாவது கார்

இந்த அலசலில் நான் சொல்ல வந்தது இதுதான்: இரண்டு நிறுவனங்களும் ஒரே ஆளுக்குக் கார் விற்கவில்லை. ஃபோர்டு, வாழ்நாளில் கார் வைத்திருந்திராத மனிதருக்காகச் செய்தது. குதிரை வண்டியிலிருந்து இறங்கி வருபவருக்கு மாடல் டி வரப்பிரசாதம். ஷெவர்லே, ஏற்கெனவே ஒரு மாடல் டி-யை ஓட்டித் தேய்த்தவருக்காகச் செய்தது. அவருக்கு மழையில் நனையக் கூடாது, மனைவியும் சிரமமில்லாமல் ஓட்ட வேண்டும், கொஞ்சம் பார்வையாகவும் இருக்க வேண்டும்.

1920-களின் நடுவில் இந்த இரண்டாவது ஆள்தான் பெருகிக்கொண்டிருந்தார். 1924-ல் விற்ற கார்களில் கூரையும் கண்ணாடியும் போட்டு மூடியவை 43 சதவீதம். 1927-ல் 85 சதவீதம். மாடல் டி-யின் லேசான சேசிஸ் இப்படிக் கனமான பாடியைத் தாங்குவதற்காக வடிவமைத்ததல்ல. மூடிய இரண்டு கதவுக் கார்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 1925-ல் ஷெவர்லே 735 டாலர், ஃபோர்டு 580 டாலர். 1927-ல் ஷெவர்லே 595, ஃபோர்டு 495. இடைவெளி 155 டாலரிலிருந்து 100 டாலராகச் சுருங்கிவிட்டது.

அந்த 100 டாலரும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டியதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1919-லேயே கடன் நிறுவனம் தொடங்கிவிட்டது. காரை எடுத்துக்கொண்டு போய் மாதாமாதம் கட்டலாம். ஃபோர்டு 1923-ல் வாரம் 5 டாலர் திட்டம் கொண்டுவந்தார். ஆனால் முழுப் பணமும் கட்டி முடித்த பிறகுதான் கார் கைக்கு வரும்! கடன் என்றாலே பிடிக்காத மனிதர் அவர். கொள்கையை மதிக்கிறேன், ஆனால் அந்த ஒஹையோ குடும்பம் இரண்டு வருடம் காத்திருக்காது.

இன்னொரு எதிரி இருந்தது, அது ஃபோர்டின் கண்ணுக்கே படவில்லை என்று நினைக்கிறேன்: பழைய கார். 300 டாலர் வைத்திருப்பவர் புது மாடல் டி வாங்கலாம். அல்லது அதே பணத்துக்கு இரண்டு மூன்று வருடம் ஓடிய, ஸ்டார்ட்டரும் கூரையும் உள்ள வேறொரு நல்ல காரை வாங்கலாம். மலிவு என்ற ஒற்றை ஆயுதத்தை வைத்திருந்தவரை, அதைவிட மலிவு ஒன்று வந்து வீழ்த்தியது.

உள்ளே இருந்தவர்களுக்கு இது தெரிந்தேதான் இருந்தது. ஹென்றி ஃபோர்டின் மகன் எட்செல் புது மாடல் வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தார். எட்செலின் சகலை எர்னஸ்ட் கான்ஸ்லர் 1926 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டுக்கு ஆறு பக்கத்தில், மிகுந்த பணிவோடு, மாடல் டி-யின் காலம் முடிகிறது என்று எழுதினார். சில மாதங்களில் வேலை போனது. ஃபோர்டிடமிருந்து 1921-ல் விலகிய வில்லியம் நுட்சன் அதற்குள் ஷெவர்லேயின் தலைமைக்கு வந்திருந்தார். ஃபோர்டின் ஆலைகளை அமைத்த அனுபவம் முழுவதும் எதிர் முகாமுக்குப் போய்விட்டது. எனக்கு இதில் கோபமே வருகிறது. ஒரு நாட்டையே சக்கரத்தில் ஏற்றிய மனிதர், பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

1927 மே 26 அன்று ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளிவந்தது, அதோடு சரி. அடுத்த மாடலுக்காக ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த ஆண்டு ஷெவர்லே பத்து லட்சத்தைத் தொட்டு முதலிடம் பிடித்தது. டிசம்பரில் வந்த மாடல் ஏ மூன்று கியர், நான்கு சக்கரத்திலும் பிரேக், 40 குதிரைத்திறன் என்று அருமையான காராக இருந்து, சீக்கிரமே முதலிடத்தை மீட்டது. 1929-ல் ஷெவர்லே ஆறு சிலிண்டர் இஞ்சினோடு பதில் சொன்னது.

அப்படியானால் அந்தக் குடும்பம்? ஊருக்கு வெளியே பண்ணை, மண் சாலை, இதுதான் முதல் கார் என்றால் ஸ்டார்ட்டர் போட்ட மாடல் டி டூரிங். 85 டாலரை மிச்சம் பிடிக்க நினைத்து மணிக்கட்டைப் பணயம் வைக்க வேண்டாம். ஊருக்குள் வீடு, தார் சாலை, ஏற்கெனவே ஒரு கார் ஓட்டிய அனுபவம் என்றால் ஷெவர்லே கே; முடிந்தால் கோச் என்ற மூடிய இரண்டு கதவு மாடல்.

இன்றைக்குப் பழங்கார் சேகரிப்பவர் கேட்டால் மட்டும் என் பதில் மாறும். அன்றைய ஷெவர்லேயின் பாடி, மரச் சட்டத்தின் மேல் தகடு அடித்தது. மரம் உளுத்துப்போனால் கதவு தொங்கும். தச்சு வேலை தெரிந்தவரைத் தேட வேண்டும், பாகங்களும் எளிதில் சிக்காது. மாடல் டி-க்கோ ஃபோர்டு 1941 வரை இஞ்சின் செய்து கொடுத்தது. இப்போதும் பேண்ட் லைனிங்கிலிருந்து ரேடியேட்டர் வரை புதிதாகவே செய்து விற்கிறார்கள். ஓட்டுவதற்கென்று வாங்குகிறவர் 1926 அல்லது 1927 மாடல் டி-யைப் பார்க்கலாம்: பாடியில் எஃகு அதிகம், பிரேக் அகலம், கறுப்பு தவிர வேறு நிறமும் கிடைக்கும்.