செங்கோட்டையில் கால் நகத்தை யார் பார்க்கிறார்கள்?

எங்கள் ஊர் கிளினிக்குகளில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே நோயாளி வெறுங்காலோடுதான் டாக்டருக்கு எதிரில் உட்காருகிறார். ஆனாலும் மேஜைக்கு அடியில் இருக்கும் அந்தக் காலை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பர்மிங்காமிலிருந்து இந்த முறை செங்கோட்டைக்குப் போனபோது அம்மாவை அழைத்துக்கொண்டு ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் இதைத்தான் கவனித்தேன்.

அம்மாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை இருக்கிறது. வலது கால் பெருவிரல் நகம் தடித்து, மஞ்சளாகி, ஓரத்தில் பழைய சுவரின் காரை போல உதிர்ந்துகொண்டிருந்தது. வீடியோவில் முகம் மட்டும்தானே தெரியும்! வீட்டில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அம்மா கால் நகங்களுக்கு மருதாணி வைத்திருந்தார். கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் வளரும். முழுதாக மாறி வர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை மருதாணிச் சிவப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும், அடியில் என்ன நடந்தாலும் வெளியே காட்டாது.

முதலில் மருந்துக்கடை. நகத்தை எட்டிப் பார்த்த கடைக்கார அண்ணாச்சி, சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு களிம்பை எடுத்து நீட்டினார். உறையைப் படித்தால் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. தடித்த நகத்துக்குள் களிம்பு இறங்காது. ஸ்டீராய்டோ தோலில் பூஞ்சையை மறைத்து வளரவிடும். வாங்காமல் வந்துவிட்டோம்.

அடுத்து, வழக்கமாகப் போகும் தனியார் கிளினிக். சர்க்கரை பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நானாக நகத்தைக் காட்டியபோது, "வயதானால் அப்படித்தான் இருக்கும்" என்றார் டாக்டர். அது பொய்யில்லை. வயதாக ஆக நகம் தடிக்கும். ஆனால் சர்க்கரை நோயாளிக்குத் தடித்த நகம் விரலை அழுத்திப் புண்ணாக்கினால், உணர்வு குறைந்த காலுக்கு அந்தப் புண் இருப்பதே தெரியாது. பிரிட்டனில் சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை பாதப் பரிசோதனை உண்டு. இங்கே அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அம்மாவின் காலை முதலில் ஒழுங்காகப் பார்த்தவர் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. அந்தப் பெண் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, திண்ணைப் படியில் உட்கார்ந்து, "பாட்டி, காலை நீட்டுங்கள்" என்றார். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். "மெட்டி இப்படி இறுகிக் கிடக்கிறதே, கழற்றக் கூடாதா?" அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மெட்டியைக் கழற்றச் சொல்வதா என்று அம்மா முறைத்தார். சோப்பு நுரை போட்டு மெல்லச் சுற்றி எடுத்தபோது, வீங்கிய விரலில் வெள்ளையாக ஒரு பள்ளம் இருந்தது. தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னதும் அவர்தான்.

அங்கே கூட்டம் அதிகம், காத்திருப்பும் அதிகம். ஆனால் செவிலியர் ஒரு நைலான் இழையை எடுத்து, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் இடம் இடமாக அழுத்தினார். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். இரண்டு இடங்களில் அம்மா எதுவும் சொல்லவில்லை. பாதத்தின் மேல்புறம் விரல் வைத்து நாடித்துடிப்பும் பார்த்தார்கள். ரத்த ஓட்டம் குறைந்தால் கால் சில்லிடும், காலில் முடி உதிரும், நகம் மெதுவாக வளரும். அம்மாவுக்குத் துடிப்பு நன்றாகவே இருந்தது.

நகத்துக்கு மலைக்கு அந்தப் பக்கம் போனோம். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் எங்களுடையது. பெரியவர்களுக்கு இன்றும் வைத்தியம் என்றால் கண் மேற்கே போகும். ஆரியங்காவு வழியாக ரயிலில் புனலூர். தோல் மருத்துவர் மலையாளம் கலந்த தமிழில் பேசினார், பத்து நகங்களையும் பார்த்தார். நகத்துணுக்கைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் பார்த்துப் பூஞ்சைதான் என்று உறுதிசெய்தார். பார்த்த மாத்திரத்தில் மாத்திரை எழுதவில்லை என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. சொரியாசிஸ் என்னும் தோல் நோய் வந்தாலும், செருப்பு தொடர்ந்து இடித்தாலும் நகம் ஏறக்குறைய இப்படியே ஆகுமாம். ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை முடிந்த பிறகே டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மாத்திரையைக் கொடுத்தார், மூன்று மாதத்துக்கு.

கூட வந்த அப்பா சும்மா இருப்பாரா? தன் நகங்களில் ஓடும் பழுப்புக் கோடுகளைக் காட்டினார். கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் பல நகங்களில் இப்படி மெல்லிய கோடுகள் இருப்பது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து, அகலமாகி, நகத்தைச் சுற்றிய தோலிலும் கருமை படர்ந்தால்தான் உடனே வர வேண்டும். அது மெலனோமா என்னும் புற்றுநோயாக இருக்கலாம். பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் தொடங்கியது அதுதான். 1981இல் 36 வயதில் இறந்தார்.

வாட்ஸப்பில் சுற்றும் 'நகத்தைப் பார், நோயைச் சொல்' படங்களையும் காட்டிக் கேட்டேன். சிரித்தார். இரும்புச்சத்து குறைந்தால் நகம் கரண்டி போலக் குழியும், நாட்பட்ட நுரையீரல் நோயில் விரல்நுனி உருண்டு நகம் வளையும், கடும் காய்ச்சலுக்குப் பின் குறுக்குப் பள்ளம் விழும், ஈரல் கெட்டால் நகம் வெளுக்கும், எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றைப் பெரும்பாலும் கை நகத்தில்தான் தேட வேண்டும். கால் நகம் செருப்பிலும் கல்லிலும் அடிபடுவது. அதை மட்டும் வைத்து ஜோசியம் சொல்ல முடியாது.

தென்காசியில் ஒரு அழகு நிலையத்தில் நகம் வெட்டிவிடுவார்களா என்றும் விசாரித்தேன். கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஷாம்பு கலந்த வெந்நீர்க் குவளையைக் காட்டினார்கள். நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினோம். இப்போது அப்பாதான் வெட்டிவிடுகிறார்: குளித்தபின் நகம் ஊறியிருக்கும் நேரத்தில், நேராக, ஓரத்தைத் தோண்டாமல். வெள்ளிக்கிழமை மட்டும் அம்மா காலைத் தர மறுக்கிறார்.

மாத்திரை முடிந்த பிறகும் பழைய நகம் வளர்ந்து வெளியேறும்வரை மஞ்சள் இருக்கத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை வலது பெருவிரலுக்கு மட்டும் மருதாணி கிடையாது.