பிரஷர் மாத்திரையும் மூன்று மாத இருமலும்

அப்பாவுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றி எழுதிக்கொடுத்த பத்தாவது நாள் இருமல் ஆரம்பித்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டையில் ஏதோ உறுத்துகிற மாதிரி வறட்டு இருமல், படுத்தால் இன்னும் அதிகம். மூன்று மாதம் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது.

அதே டாக்டரிடம் நான்கு தடவை போனோம். இருமல் சிரப், ஆன்டிபயாட்டிக், எக்ஸ்ரே (அதில் ஒன்றுமில்லை), கடைசியாக அலர்ஜி மாத்திரை. ஒவ்வொரு தடவையும் அப்பா "புது மாத்திரை போட ஆரம்பிச்சதுல இருந்துதான் டாக்டர்..." என்று தொடங்குவார், உடனே "சளி வருதா? ராத்திரி காய்ச்சல் இருக்கா?" என்று குறுக்கே கேள்வி வரும், கேட்டபடியே கம்ப்யூட்டரில் மருந்தும் ஏறிவிடும். அந்த வாக்கியம் ஒரு தடவைகூட முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் வாயைத் திறக்கவில்லை, வெளியே வந்துதான் புலம்பினேன்.

அப்புறம் வேறொரு டாக்டரைப் பார்த்தோம். "முதல்ல இருந்து சொல்லுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்தார். அப்பா பேசியது இரண்டு நிமிடம் இருக்கும். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார், ராமிப்ரில். "இது இந்த மாத்திரையோட வேலையா இருக்கலாம்" என்றார். ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரைகள் தடுக்கிற நொதிதான் உடம்பில் பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறதாம், அது சிதையாமல் சேர்ந்தால் சிலருக்கு இப்படி இருமல் வருமாம். டெல்மிசார்டன் என்று மாற்றிக்கொடுத்து, நிற்க சில வாரம் ஆகும் என்றும் முன்கூட்டியே சொன்னார். மூன்றாவது வாரம் நின்றது.

இதில் அரிதான விஷயம் எதுவுமே இல்லை என்பதுதான் எனக்குக் கோபம், மருத்துவப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிற பக்கவிளைவு. அமெரிக்காவில் 1984-இல் வந்த ஓர் ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியிலேயே டாக்டர் குறுக்கிட்டார் என்று கண்டார்கள். எங்களுக்கு அவ்வளவுகூடக் கிடைக்கவில்லை.

அதனால் உள்ளே போனதும் "இந்தத் தேதியில் இந்த மாத்திரை, இந்தத் தேதியில் இந்தத் தொந்தரவு" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள், குறுக்கிட்டால் "ஒரு நிமிஷம், முடிச்சிடறேன்" என்று கேளுங்கள். புது மாத்திரை எழுதினால் என்ன பக்கவிளைவு வரலாம், எது வந்தால் உடனே வரணும் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். இதைப் படித்துவிட்டு பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. ராமிப்ரில் வகை மாத்திரை போடுகிறவருக்கு உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

பழைய டாக்டரிடம் மறுபடி போய் விஷயத்தைச் சொன்னேன். "மாத்திரை மாத்தினப்புறம் வந்ததுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.