ஐபிஎம் ஐ: விர்ச்சுவல் டிவைஸுக்கு வரம்பு வைத்தே ஆக வேண்டும்

ஒரு கிடங்கு நிறுவனத்தின் ஐபிஎம் ஐ (IBM i, ஐபிஎம்மின் வணிக சர்வர் சிஸ்டம்) மெஷினைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு அது இன்னும் பழைய பெயரில் ஏஎஸ்/400 தான். டெல்நெட் (நெட்வொர்க் வழியாக மெஷினுக்குள் நுழையும் முறை) வழியாக 5250 திரை, அதாவது இந்த மெஷினின் டெர்மினல் திரை, திறக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு விர்ச்சுவல் டிவைஸ் வேண்டும்; அந்தத் திரைக்காக சிஸ்டம் பெயரிட்டு வைத்திருக்கும் பதிவு அது. காலியாக எதுவும் இல்லையென்றால் சிஸ்டமே க்யூபேடெவ்0001 என்கிற மாதிரி பெயர் வைத்துப் புதிதாக உருவாக்கிவிடும். எத்தனை வரை என்பதை க்யூஆட்டோவிஆர்டி (QAUTOVRT) என்ற சிஸ்டம் வேல்யூ, அதாவது சிஸ்டம் முழுக்கப் பொருந்தும் செட்டிங், சொல்கிறது. 0 என்றால் எதுவும் தானாக உருவாகாது. எண்ணாகக் கொடுத்தால் 32,500 வரை போகலாம். *நோமேக்ஸ் என்றால் வரம்பே இல்லை.

நான் பொறுப்பேற்றபோது *நோமேக்ஸ்தான் இருந்தது. புகார் வராது, நிம்மதி. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. தவறான பாஸ்வேர்டு க்யூமேக்ஸைன் (QMAXSIGN, எத்தனை தவறான முயற்சி வரை என்று சொல்லும் சிஸ்டம் வேல்யூ) எண்ணிக்கையைத் தொட்டதும் சிஸ்டம் அந்த டிவைஸை முடக்கும். அடுத்த நொடியே புது டிவைஸ் கிடைக்குமென்றால் முடக்கி என்ன பயன்? உள்ளே நுழையப் பார்ப்பவன் வேறு யூசர் பெயரோடு தொடர்வான்.

அன்றாடத் தலைவலி கையடக்க ஸ்கேனர்கள். ரேக்குகளுக்கு நடுவே வைஃபை விட்டுப்போகும். ஆள் திரும்ப இணைவார். ஆனால் பழைய இணைப்பு செத்ததை டெல்நெட் சர்வர் உடனே அறியாது. மறுமுனை இருக்கிறதா என்று சர்வர் சோதிக்கும் டைம்மார்க் டைமவுட் வழக்கமாக 600 விநாடி. அதுவரை பழைய டிவைஸ் பிஸியாகவே கிடக்கும், அதே ஸ்கேனருக்கு இன்னொன்று உருவாகும். ஆட்களைவிட டிவைஸ்கள் பெருகுவது இப்படித்தான். அந்த டைமவுட்டைக் குறைத்தேன், ஸ்கேனர்களுக்கு நிலையான டிவைஸ் பெயர் கொடுத்தேன். பெயர் கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு: பழைய இணைப்பின் ஜாப் (அந்தத் திரையில் ஓடும் வேலை) முடியும் முன் இணைந்தால் 8902, அதாவது டிவைஸ் கிடைக்கவில்லை, என்று திருப்பி அனுப்பிவிடும். அதனால் டைமவுட்டைக் குறைக்காமல் பெயர் மட்டும் கொடுக்காதீர்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைச் சிஸ்டமே பெயர் வைக்கும் முறையிலேயே விட்டுவிட்டேன்.

அப்புறம், வரம்பைக் குறைத்தால் ஏற்கெனவே உருவானவை தாமாக அழியாது. பயன்படாத க்யூபேடெவ் டிவைஸ்களை வேரி ஆஃப் (செயலிழக்க) செய்து நாமே அழிக்க வேண்டும்.

சரி, எந்த எண் வைப்பது? ஷிஃப்ட் மாறும் நேரத்தில் டபிள்யூஆர்கே-சிஎஃப்ஜி-எஸ்டிஎஸ் (WRKCFGSTS, டிவைஸ்களின் நிலையைக் காட்டும் கமாண்ட்) போட்டு எத்தனை ஆக்டிவ் என்று பாருங்கள். அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். வரம்பு முட்டினால் புது இணைப்பு கிடைக்காது, போன் வரும். அந்தப் போன் வரட்டும். எண்ணைக் கூட்டும் முன் டிவைஸ்கள் எங்கே மாட்டிக்கிடக்கின்றன என்று தேடுவதற்கு எனக்கு அதுதான் முதல் தகவல்.