ஒரே எண்பது சதவீதம், இரண்டு கப்பாக்கள்

வெள்ளவத்தையில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் நூறு மாணவர்களின் தமிழ்க் கட்டுரைகளை, ஒருவர் இட்ட முடிவை மற்றவர் பாராமல், இரண்டு ஆசிரியைகள் திருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தாளுக்கும் சித்தி அல்லது சித்தியின்மை என்ற ஒரே தீர்ப்புத்தான். நாற்பது தாள்களை இருவரும் சித்தி என்கிறார்கள். நாற்பதை இருவரும் தள்ளிவிடுகிறார்கள். எஞ்சிய இருபதில் பத்தை ஒருவரும் வேறு பத்தை மற்றவரும் மட்டும் சித்தியாக்குகிறார்கள். நூற்றுக்கு எண்பது தாள்களில் இருவரும் ஒத்துப்போகிறார்கள் என்பதே அவர்களின் உடன்பாட்டைச் சொல்லும் மிக எளிய அளவை. ஒரு பெற்றோருக்கு விளங்கவைக்க இதைவிட நல்ல எண் இல்லை.

ஆனால் இருவரும் தாளைப் படிக்காமல் நாணயத்தைச் சுண்டியே தீர்ப்பு எழுதியிருந்தாலும் பாதித் தாள்களில் ஒத்துப்போயிருப்பார்கள். இந்தத் தற்செயல் பங்கைக் கழிப்பதற்காகவே அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960இல் கப்பா என்ற கெழுவை முன்வைத்தார். கண்ட உடன்பாட்டிலிருந்து தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க உடன்பாட்டைக் கழித்து, தற்செயலுக்கு மேல் எட்டக்கூடிய உச்ச அளவால் வகுப்பதே அதன் கணக்கு. இங்கே 0.80இலிருந்து 0.50ஐக் கழித்து 0.50ஆல் வகுத்தால் கப்பா 0.60.

இனி வகுப்பை மாற்றுவோம். பெரும்பாலும் கெட்டிக்கார மாணவர்களே உள்ள இன்னொரு வகுப்பில் இருவரும் 78 தாள்களைச் சித்தி என்றும் 2 தாள்களைச் சித்தியின்மை என்றும் ஒத்துச் சொல்கிறார்கள். முரண்பாடு முன்போலவே பத்தும் பத்தும். உடன்பாடு அதே எண்பது சதவீதம். ஆனால் இருவருமே நூற்றில் 88 தாள்களைச் சித்தியாக்குபவர்கள் ஆதலால், தற்செயலாகவே 0.7888 அளவு உடன்பாடு கிடைத்துவிடும். கப்பா 0.05க்குச் சரிந்துவிடுகிறது. ஆய்வேட்டுக்காகத் தரவு சேர்த்த மாணவர் பலர் முகம் வாடுவது இந்த இடத்தில்தான். கணினியில் ஏதோ பிழை என்று மறுபடியும் ஓட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. பிழை எதுவும் இல்லை. ஃபைன்ஸ்டைனும் சிக்கெட்டியும் 1990இல் விரிவாக எழுதிய ‘கப்பா முரண்’ இதுவே.

இந்த முரணுக்கு மருந்தாக இரண்டு மாற்று அளவைகளைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஒன்று, உடன்பாட்டை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழிக்கும் ‘பபாக்’ (PABAK, பரவலுக்கும் சார்புக்கும் சரிசெய்த கப்பா). இரு வகுப்புகளுக்கும் அது 0.60 என்றே காட்டும். மற்றது புள்ளியியலாளர் குவெட் தந்த ஏசி1 (AC1) என்ற கெழு. முதல் வகுப்புக்கு 0.60, இரண்டாவதற்கு ஏறத்தாழ 0.75. எண்கள் மனதுக்கு இதமானவைதாம். எனினும் கப்பா குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் இவற்றுக்குத் தாவுவதை நான் ஏற்பதில்லை. ஏனெனில் இரண்டாம் வகுப்பில் யாரேனும் ஒருவர் தள்ளிய தாள்கள் 22. அவற்றில் இருவரும் சேர்ந்து தள்ளியவை இரண்டே இரண்டு. பின்தங்கிய பிள்ளைகளை இனங்கண்டு மேலதிக வகுப்பு வைப்பதுதான் நோக்கம் என்றால், இந்த இரு ஆசிரியைகளின் தீர்ப்பை நம்பி எதுவும் செய்ய முடியாது. 0.05 சொல்வது அதைத்தான். பபாக்கோ அந்தச் செய்தியை மூடிவிடுகிறது. சித்தி, சித்தியின்மை ஆகியவற்றுக்கான உடன்பாட்டைத் தனித்தனியே கணக்கிட்டால் நிலைமை இன்னும் தெளிவாகும்: சித்தியில் 0.89, சித்தியின்மையில் 0.17. எந்தக் கெழுவைத் தேர்ந்தாலும் இந்த இரண்டு எண்களையும், இருவரின் தீர்ப்புகளும் சேர்ந்து வரும் நான்கு எண்ணிக்கைகளைக் காட்டும் நான்கு கட்ட அட்டவணையையும் உடன் தருவதே நேர்மையான அறிக்கை.

தீர்ப்பு இரண்டாக இல்லாமல் உச்சமான ஏ முதல் பி, சி, எஸ் வழியாகக் கடைசியான டபிள்யூ வரை ஐந்து தரங்களாக இருந்தால் சாதாரண கப்பா பொருந்தாது. ஒருவர் ஏ தந்ததற்கு மற்றவர் பி தந்ததும், ஒருவர் ஏ தந்ததற்கு மற்றவர் டபிள்யூ தந்ததும் அதற்கு ஒரே அளவான முரண்பாடு. 1968இல் கோஹனே தந்த நிறையேற்றிய கப்பா இந்தக் குறையைத் தீர்க்கிறது. விலகலின் அளவுக்கேற்ப அது உடன்பாட்டில் ஒரு பங்கைத் தரும்: ஒரு படி விலகலுக்கு நேர்கோட்டு நிறையில் முழு உடன்பாட்டின் முக்கால் பங்கு மதிப்பும், வர்க்க நிறையில் ஏறத்தாழ 0.94 பங்கு மதிப்பும் கிடைக்கும். ஆகவே எந்த நிறை என்று சொல்லாமல் ‘நிறையேற்றிய கப்பா 0.80’ என எழுதுவது, நாணயத்தின் பெயரைச் சொல்லாமல் விலை சொல்வதைப் போன்றது. திருத்துவோர் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் என்றால் ஃபிளைஸ் 1971இல் தந்த கப்பா வடிவமும், சில தாள்களைச் சிலர் திருத்தாமல் விட்டிருந்தால் கிரிப்பென்டார்ஃபின் ஆல்ஃபா என்ற கெழுவும் உதவும்.

கிடைத்த எண்ணுக்குப் பொருள் சொல்லப் பெரும்பாலோர் நாடுவது லாண்டிஸும் கோக்கும் 1977இல் தந்த படிநிலை: 0.41 முதல் 0.60 வரை மிதமானது, 0.61 முதல் 0.80 வரை கணிசமானது, அதற்கு மேல் ஏறக்குறைய முழுமையானது. இந்த எல்லைகள் தம் விருப்பப்படி வகுக்கப்பட்டவை என்று அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆய்வேடுகளில் அவை விதி போல மேற்கோள் காட்டப்படுவதுதான் விந்தை. நம் முதல் வகுப்பின் 0.60ஐயே எடுத்துக்கொண்டால், நூறு தாள்களை வைத்துக் கணக்கிட்ட 95 சதவீத நம்பிக்கை ஆயிடை (உண்மையான கப்பா இருக்கக்கூடிய எல்லை) ஏறத்தாழ 0.44 முதல் 0.76 வரை நீள்கிறது. ‘மிதமானது’, ‘கணிசமானது’ ஆகிய இரு படிகளிலுமே அது பரவிக் கிடக்கிறது. இரண்டாம் வகுப்பின் ஆயிடையோ பூச்சியத்துக்குக் கீழேயே தொடங்குகிறது.